காலையில் மட்டும் வந்த வாந்தி: குழந்தைகளின் மூளைக் கட்டி குறித்து வாசகர் கேள்விகள்

குழந்தைகளுக்கு வரும் தலைவலியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மூளைக் கட்டியைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயரும் ஊரும் வெளியிடப்படவில்லை. இங்கே தரப்படுவது பொது விளக்கம். உங்கள் குழந்தையின் ஸ்கேனைக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் சொல்வதற்கு இது மாற்றாகாது.

என் மகனுக்கு 6 வயது. நான்கு மாதங்களாகக் காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தான். வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தோம். வாந்தி எடுத்த அரை மணி நேரத்தில் விளையாடப் போய்விடுவான். அதனால் பள்ளிக்குப் போகப் பிடிக்காமல் நடிக்கிறான் என்று நினைத்து இரண்டு முறை அடித்தும் விட்டேன். பிறகுதான் சிறுமூளையில் கட்டி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. நான் முன்பே கவனித்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்குமா, டாக்டர்? இரவில் உறக்கம் வருவதில்லை. — ஒரு தாய்

அம்மா, உங்களை ஏமாற்றியது அந்த அரை மணி நேரம்தான். நோயின் முக்கியமான தடயமும் அதுவே. மூளையின் உள்ளறைகளில் ஊறும் நீர், சிறுமூளைக்கு முன்னால் இருக்கும் ஒரு குறுகிய பாதை வழியாகக் கீழே இறங்கி வெளியேறுகிறது. அங்கே கட்டி வளர்ந்தால் பாதை அடைபட்டு, நீர் தேங்கி, மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது. படுத்திருக்கும்போது அந்த அழுத்தம் மேலும் ஏறும். தூக்கத்தில் மூச்சு சற்று மந்தமாவதால் இரத்தத்தில் கரியமில வாயு கூடி, மூளையின் இரத்தக் குழாய்கள் விரிந்து இன்னும் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே விடியும் நேரம்தான் மோசமான நேரம். குழந்தை எழுந்து உட்கார்ந்து, வாந்தி எடுத்து, வேகமாக மூச்சு வாங்கியதும் அழுத்தம் இறங்கிவிடுகிறது. உங்கள் மகன் விளையாடப் போனது உண்மையாகவே உடம்பு தேறியதால்தான். அவன் நடிக்கவில்லை, நீங்களும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு நேராகவே வருகிறேன். குழந்தைகளின் மூளைக் கட்டியில், தாமதத்துக்கும் உயிர் பிழைப்பதற்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பது போல் எளிமையானதன்று. மிக வேகமாக வளரும் கட்டிகள் சில வாரங்களிலேயே தம்மைக் காட்டிக்கொண்டுவிடும். மாதக்கணக்கில் மறைந்திருப்பவற்றில் பல மெதுவாக வளர்பவை. அறிகுறி தொடங்கி எத்தனை வாரத்தில் நோய் கண்டறியப்பட்டது என்பதை மட்டும் வைத்துக் குழந்தை பிழைக்குமா என்று கணிக்க முடியாது என்பதே சிறுமூளைக் கட்டிகளைப் பற்றிய ஆய்வுகள் பலவற்றின் முடிவு. கட்டியின் வகை, அது பரவியிருந்ததா, எவ்வளவு அகற்றப்பட்டது ஆகியவையே பெரிதும் தீர்மானிக்கின்றன. தாமதத்தால் பாதிக்கப்படக்கூடியவை பார்வையும் நடையும் கற்றல் திறனும். அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். உங்கள் மகனின் பார்வையைக் கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டாரா என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடித்ததைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அவனிடமே சொல்லிவிடுங்கள்: 'உனக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லாமல் இருந்தது, அம்மாவுக்குத் தெரியவில்லை.' தான் செய்த தவறுக்குத்தான் தலையை அறுத்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

என் வகுப்பில் 40 குழந்தைகள். வாரம் ஒருவராவது தலைவலி என்கிறார்கள். எல்லாருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்வதா? — ஆரம்பப் பள்ளி ஆசிரியர்

வேண்டாம். குழந்தைகளின் தலைவலியில் மிகப் பெரும்பாலானவை ஒற்றைத் தலைவலி, காய்ச்சல், சோர்வு, தூக்கக் குறைவு ஆகியவற்றால் வருபவை. தலைவலியோடு வேறு என்ன சேர்ந்து வருகிறது, எத்தனை நாளாக வருகிறது என்பதே கேள்வி. தூக்கத்திலிருந்து எழுப்பும் தலைவலி, இரண்டு வாரத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வரும் வாந்தி, தடுமாறும் நடை, திடீரெனக் கெட்டுப்போன கையெழுத்து, பொருள் இரண்டாகத் தெரிவது, புதிதாக வந்த மாறுகண், வலிப்பு ஆகியவை தலைவலியோடு சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. வளர்ச்சி நின்றுபோய், ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் சிறுநீர் கழிக்கும் குழந்தைக்குச் சர்க்கரை நோய் இல்லையென்றால் மூளையின் அடிப்பகுதியைப் பார்த்தாக வேண்டும். பேச்சு வராத கைக்குழந்தையிடம் தலைச் சுற்றளவு வேகமாகக் கூடுவதும் உச்சிக்குழி புடைத்து நிற்பதுமே அடையாளங்கள்.

தலைச் சாய்வு எளிதில் தவறவிடப்படுவது. ஒரு தாய் என்னிடம் கழுத்துச் சுளுக்கு என்று மகளைக் கூட்டி வந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டபோது சொல்லத் தெரியாமல், செல்பேசியில் இருந்த ஓராண்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். ஏழாவது படத்தில் தலை இலேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குப் பின் எடுத்த ஒரு படத்திலும் அது நேராக இல்லை. இரண்டாகத் தெரியும் காட்சியை ஒன்றாக்கிக்கொள்ளக் குழந்தை தானே கண்டுபிடித்த வழி அது. ஐந்து மாதத்துக்கு முன்பே தொடங்கியது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் அந்தப் படங்களே சொல்லிவிட்டன. நீங்களும் பெற்றோரிடம் 'தலைவலி என்கிறான்' என்று மட்டும் சொல்லாமல், எந்தத் தேதிகளில், எந்த நேரத்தில், வேறு என்ன பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அந்தத் தாள் மருத்துவருக்குப் பெரிய உதவி.

குழந்தை செல்பேசி பார்த்ததால் வந்ததா? கர்ப்ப காலத்தில் நான் ஏதாவது தவறாகச் சாப்பிட்டிருப்பேனா? — பெயர் வேண்டாம்

இரண்டுமில்லை என்றே உங்களுக்குச் சொல்வேன். செல்பேசி குறித்து நடந்த ஆய்வுகளில் பெரியது, 14 நாடுகளில் 10 முதல் 24 வயது வரையிலான நோயாளிகளை வைத்து நடத்தப்பட்ட 'மோபி-கிட்ஸ்'. அதன் முடிவுகள் 2021-இன் இறுதியில் வெளிவந்தன; செல்பேசிப் பயன்பாட்டால் மூளைக் கட்டி வருகிறது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஐயமின்றி நிறுவப்பட்ட புறக்காரணம், தலைக்குக் கொடுக்கப்படும் கதிர்வீச்சு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தலையில் வரும் படர்தாமரைக்குக்கூட எக்ஸ்-கதிர் கொடுத்தார்கள். அப்படிச் சிகிச்சை பெற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த இஸ்ரேலிய ஆய்வாளர்கள், அவர்களில் மூளைக் கட்டிகள் கூடியிருப்பதை 1988-இல் வெளியிட்டார்கள்.

சிறு பங்கினருக்கு மரபணுக் காரணம் உண்டு. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ், லி-ஃபிராமெனி, கோர்லின் போன்ற நிலைகள் அவை. குடும்பத்தில் இளவயதுப் புற்றுநோய்கள் பல இருந்தாலோ, குழந்தையின் தோலில் பால்காப்பி நிறத் திட்டுகள் ஆறு அல்லது அதற்கு மேல் இருந்தாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். மற்றபடி, வளரும் மூளையில் செல்கள் கோடிக்கணக்கில் பிரியும்போது நேரும் பிழைதான் பெரும்பாலான கட்டிகளின் தொடக்கம். அதை உண்டாக்கவும் தடுக்கவும் உங்கள் கையில் எதுவும் இருந்ததில்லை.

மகளின் பயாப்ஸி அறிக்கையில் 'மெடுல்லோபிளாஸ்டோமா, குரூப் 4' என்று இருக்கிறது. நான்காம் நிலைப் புற்றுநோய் என்று உறவினர்கள் அழுகிறார்கள். — ஒரு தந்தை

உறவினர்களை முதலில் தேற்றுங்கள். 'குரூப் 4' என்பதற்கும் நான்காம் நிலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அது ஒரு வகையின் பெயர், அவ்வளவே. சிறுமூளையில் வரும் இந்தப் புற்றுக்கட்டிக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்ற பெயரை 1925-இல் பெர்சிவல் பெய்லியும் ஹார்வி குஷிங்கும் வைத்தார்கள். நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரிந்ததால் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அதை ஒரே நோயாகவே பாவித்தோம். மரபணு ஆய்வு வந்த பிறகு, இது நான்கு வெவ்வேறு நோய்களின் தொகுதி என்பதை உலகின் ஆய்வுக் குழுக்கள் 2012-இல் ஒருமித்து ஏற்றன. முதல் இரண்டுக்கும் அவற்றை இயக்கும் மரபணுப் பாதையின் பெயர் கிடைத்தது: டபிள்யூ.என்.டி., எஸ்.எச்.எச். மற்ற இரண்டுக்கும் தெளிவான பாதை தெரியாததால் குரூப் 3, குரூப் 4 என்று எண் போட்டுவிட்டார்கள். இவ்வளவு குழப்பத்தை உண்டாக்கும் ஒரு பெயரை ஏன்தான் வைத்தார்களோ என்று நானும் பல முறை நொந்துகொண்டதுண்டு. எஸ்.எச்.எச். என்பதில் முதல் எழுத்துக்கு உரிய 'சோனிக்', வீடியோ விளையாட்டில் வரும் ஒரு நீல நிற முள்ளெலியின் பெயர். அதை ஒரு நோயாளியின் பெற்றோருக்கு விளக்க நேர்வது இன்னும் சங்கடம்.

நான்கில் அதிகம் காணப்படுவது குரூப் 4. அதன் போக்கு இடைநிலையானது. டபிள்யூ.என்.டி. வகைக் குழந்தைகளில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பிழைக்கிறார்கள்; குரூப் 3-இல் ஒரு பகுதிதான் மிகக் கடினமானது. நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியது வேறொன்று. இந்தக் கட்டி மூளைத் தண்டுவட நீர் வழியாக முதுகுத்தண்டில் இறங்கக்கூடியது என்பதால், முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ.-யும் முதுகிலிருந்து எடுத்த நீரின் பரிசோதனையும் என்ன சொல்கின்றன? அறுவைக்குப் பின் எடுத்த ஸ்கேனில் மிச்சம் எவ்வளவு? இந்த இரண்டு விடைகளும் அறிக்கையில் உள்ள '4' என்ற எண்ணைவிட உங்களுக்குப் பயன்படும்.

எங்கள் குழந்தைக்கு இரண்டு வயது. மெடுல்லோபிளாஸ்டோமா கட்டி. கதிர்வீச்சைத் தள்ளிப்போட்டு முதலில் கீமோ என்கிறார்கள். நல்ல சிகிச்சையைக் கொடுக்காமல் விடுகிறார்களோ என்று பயமாக இருக்கிறது. — இளம் பெற்றோர்

கதிர்வீச்சு வலிமையான ஆயுதம் என்பதில் உங்களுக்குள்ள நம்பிக்கை சரியே. மூளையும் முதுகுத்தண்டும் முழுவதுமாகக் கதிர்வீச்சு பெற்றால் மெடுல்லோபிளாஸ்டோமாவைக் குணப்படுத்த முடியும் என்பதைப் பேட்டர்சன், ஃபார் என்னும் மருத்துவர்கள் 1953-இல் காட்டினார்கள். அதற்கு முன் இந்நோயில் பிழைத்தவர்கள் அரிது. அந்த வெற்றிக்கான விலையைக் குழந்தைகள் செலுத்தினார்கள். மூன்று வயதுக்குள் மூளையின் நரம்பிழைகளுக்கு உறை போடும் வேலை மும்முரமாக நடக்கிறது. அந்த நேரத்தில் முழு மூளைக்கும் கதிர்வீச்சு கொடுத்தால் அறிவு வளர்ச்சியில் ஆழமான, திரும்பாத பாதிப்பு வரும். ஆகவே இயன்ற இடங்களில் கீமோவால் காலம் கடத்துகிறார்கள். சில வகைகளில் கதிர்வீச்சே தேவைப்படாமலும் போகிறது. சிறு குழந்தைகளைக் கீமோவால் மட்டுமே குணப்படுத்த முடியும் என்பதற்கு 2005-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வு நல்ல சான்று.

பெரிய குழந்தைகளுக்கு முன்பு 36 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்த இடத்தில், பரவாத நோய்க்கு இப்போது கீமோவோடு சேர்த்து 23.4 கிரே போதும் என்றாகியிருக்கிறது. அதையும் 18 ஆகக் குறைக்கலாமா என்று மூன்று முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். நோய் திரும்புவது கூடியதால் குறைக்கக் கூடாது என்பது 2021-இல் தெளிவாயிற்று. உங்கள் மருத்துவர்கள் தள்ளிப்போடச் சொல்வது இத்தகைய கணக்குகளைப் பார்த்துத்தான்.

பேத்திக்கு 7 வயது. அறுவை முடிந்து மறுநாள் 'தாத்தா, தண்ணீர்' என்றாள். அதற்கு மறுநாளிலிருந்து ஒரு சொல் இல்லை. அழுகிறாள், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள். மூன்று வாரமாகிறது. ஊமையாகிவிட்டாளா? — ஒரு தாத்தா

ஐயா, உங்கள் வருணனையை மருத்துவ மாணவர்களுக்குப் படித்துக் காட்டலாம். மயக்கம் தெளிந்து ஓரிரு நாள் பேசிவிட்டுப் பிறகு பேச்சு நின்றுபோவது, சிறுமூளைக் கட்டி அறுவைக்குப் பின் நான்கில் ஒரு குழந்தைக்கு நேரக்கூடிய ஒரு நிலை. சிறுமூளையிலிருந்து பெருமூளைக்குச் செல்லும் ஒரு முக்கிய நரம்புப் பாதை அதிர்ச்சியில் செயலிழப்பதுதான் காரணம். அறுவை தவறாகச் செய்யப்பட்டது என்று இதற்குப் பொருளில்லை. திறமையான கைகளிலும் இது நேர்கிறது. பேச்சோடு சேர்ந்து உடல் தளர்ந்துபோகும், விழுங்கச் சிரமப்படும், காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும் வரும். ஆறுதலுக்குத் தொட்டாலும் சில குழந்தைகள் இன்னும் அதிகமாக அழும். அது உங்கள்மேல் கோபமன்று.

நீங்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்று: அவளுக்குக் கேட்கிறது, புரிகிறது. அவள் தலைமாட்டில் நின்று அவள் எதிர்காலத்தைப் பற்றி யாரும் விவாதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சு வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும். முதலில் சிணுங்கல், பிறகு ஓரெழுத்து, பிறகு கிசுகிசுப்பான ஒற்றைச் சொல் என்று வரும். வரும்போது மெதுவாகவும் குழறலாகவும் இருக்கும். அந்தக் குழறலில் கொஞ்சம் நீண்ட காலம் தங்கிவிடுவதும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. எனவே பேச்சுப் பயிற்சியும் பிஸியோதெரபியும் இப்போதே தொடங்க வேண்டும். பேசட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

இத்தகைய ஒரு சிறுவனின் பாட்டி, கட்டிலருகே ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். 'இன்று பந்து விழுந்ததும் கண்ணால் தேடினான்', 'ஊசி போட்ட அக்காவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்' என்று தேதி போட்டு எழுதுவார். சுற்று வரும் எங்களுக்கு ஐந்து நிமிடத்தில் தெரியாத முன்னேற்றம் அந்த நோட்டில் இருந்தது. நாற்பத்து இரண்டாம் நாளில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார், 'வேணாம்'. அவன் சொன்ன முதல் சொல். அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாள் சிரித்ததை நான் மறக்கவில்லை. நீங்களும் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஐயா.

சிகிச்சை முடிந்து ஓராண்டாகப் பள்ளிக்கு வரும் மாணவன் முன்பு கெட்டிக்காரன். இப்போது எல்லாரும் எழுதி முடித்த பிறகும் பாதியில் இருக்கிறான். சோம்பலா, சலுகை எதிர்பார்க்கிறானா? — வகுப்பாசிரியை

சோம்பல் இல்லை. கதிர்வீச்சு பெற்ற மூளை பழையதை மறப்பதில்லை. புதியதை உள்வாங்கும் வேகம் குறைகிறது. அதனால்தான் வித்தியாசம் உடனே தெரியாமல், ஓரிரு ஆண்டில் வகுப்புத் தோழர்கள் முன்னே போகப்போகக் கண்ணில் படுகிறது. கணக்கு போடத் தெரியும். பத்துக் கணக்கைப் போட மற்றவர்களுக்கு ஆகும் நேரத்தில் அவனால் ஐந்துதான் முடியும். அந்த ஐந்தை மட்டும் கொடுத்து மதிப்பெண் போடுங்கள். தேர்வில் கூடுதல் நேரமும், கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதிலாக அச்சிட்ட தாளும் கொடுத்தால் வேறு பையனைப் பார்ப்பீர்கள்.

இன்னொன்றையும் சோதித்துப் பாருங்கள். அவன் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா? சிஸ்பிளாட்டின் என்னும் கீமோ மருந்து செவியின் நுண்ணிய செல்களைத் தாக்கி, முதலில் உயர்ந்த ஒலிகளைக் கேட்கவிடாமல் செய்யும். பேச்சு கேட்கும்; ச, ஸ, ஃப போன்ற ஒலிகள் நழுவிப்போகும். இரைச்சலான வகுப்பில் பாதிச் சொற்களை ஊகித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது எவ்வளவு களைப்பு என்று யோசித்துப் பாருங்கள். முன் பெஞ்சில் உட்கார வையுங்கள். ஆடியோகிராம் என்னும் செவித்திறன் சோதனையை எப்போது எடுத்தார்கள் என்று பெற்றோரிடம் கேளுங்கள். தேங்கும் மூளை நீரை வடிக்கத் தலையில் ஷன்ட் குழாய் வைத்த மாணவன் என்றால், தலைவலியும் வாந்தியும் மந்தமான தூக்கமும் சேர்ந்து வந்தால் குழாய் அடைத்திருக்கலாம். ஓய்வறையில் படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

புற்றுநோய் விழிப்புணர்வு ரிப்பன் குத்திக்கொள்வதால் யாருக்கு என்ன பயன்? — ஒரு கல்லூரி மாணவர்

ரிப்பனால் மட்டும் பயனில்லை என்ற உங்கள் சந்தேகத்தோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். செப்டம்பரில் குழந்தைப் புற்றுநோய்க்குத் தங்க நிறம், மே மாதத்தில் மூளைக் கட்டிக்குச் சாம்பல் நிறம் என்று நாள்காட்டி நிரம்பிக் கிடக்கிறது. பலன் அளந்து பார்க்கப்பட்ட விழிப்புணர்வும் இருக்கிறது. பிரிட்டனில் 2011-இல் தொடங்கிய 'ஹெட்ஸ்மார்ட்' இயக்கம், அறிகுறிகளை வயதுவாரியாக ஒரு சட்டைப்பை அட்டையில் அச்சிட்டுப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் கொடுத்தது. அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் கண்டறியப்படும் வரையான இடைநிலைக் காலம் அங்கே முன்பு 14 வாரத்துக்கு மேல் இருந்தது. இயக்கம் தொடங்கிய சில ஆண்டுகளில் அது 7 வாரத்துக்குள் வந்தது. அட்டையில் இருந்தது, வாசகர் ஒருவர் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடிய பட்டியல். அது இல்லாத ரிப்பன் வெறும் துணி. உலக அளவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் ஏதேனும் ஒரு புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். செல்வமுள்ள நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைய, ஏழை நாடுகள் பலவற்றில் அந்த எண் 30-ஐத் தொடுவதில்லை. 2030-க்குள் உலக அளவில் குறைந்தது 60 சதவீதம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. உங்கள் கோபத்தை அந்த இடைவெளியின் மேல் திருப்பலாம்.

எங்கள் 5 வயது மகளுக்கு மூளைத் தண்டில் டி.ஐ.பி.ஜி. என்னும் கட்டி. அறுவை முடியாது, கதிர்வீச்சு மட்டும் கொடுக்கலாம், அதுவும் சில மாதங்களுக்கே பலன் தரும் என்றார்கள். உலகில் எங்கும் எதுவுமே இல்லையா? அவளிடம் என்ன சொல்வது? — அப்பாவும் அம்மாவும்

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்துவிட்டே பதில் எழுத உட்கார்ந்தேன். மருத்துவர்கள் சொன்னது உண்மை. மூச்சும் இதயத் துடிப்பும் விழுங்குதலும் ஆளப்படும் இடத்தில், நல்ல திசுவின் இழைகளுக்குள்ளேயே பின்னிக்கொண்டு வளர்வதால் இந்தக் கட்டியை வெட்டி எடுக்க முடியாது. நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆர்ம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன் இந்த நோயால்தான் 1962 ஜனவரியில், மூன்று வயது நிறையுமுன் இறந்தாள். அவளுக்குக் கொடுத்ததும் கதிர்வீச்சே. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதுவே முதன்மைச் சிகிச்சையாக இருப்பதைக் கண்டு வெட்கப்படாத மருத்துவர் எங்கள் துறையில் இல்லை.

எதுவுமே இல்லையா என்று கேட்டீர்கள். நோயின் உள்ளே என்ன நடக்கிறது என்பது இப்போது தெரியும். மரபிழை சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் என்னும் புரதத்தில் ஏற்படும் ஒரே ஓர் எழுத்துப் பிழை, எச்3 கே27எம், இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றை இயக்குகிறது என்பது 2012-இல் கண்டறியப்பட்டது. அந்த ஆய்வுக்குத் திசு எங்கிருந்து வந்தது தெரியுமா? பயாப்ஸி எடுக்கத் தயங்கிய காலம் அது. தம் குழந்தை இறந்த சில மணி நேரத்தில், கட்டியை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்திட்ட பெற்றோரிடமிருந்தும் வந்தது. ஆய்வுக்கூடங்களில் வளரும் முதல் டி.ஐ.பி.ஜி. செல்களும் அப்படி வந்தவையே. இதை உங்களிடம் கேட்பதற்காகச் சொல்லவில்லை. இன்று உள்ள சிறு நம்பிக்கையின் வேர் எங்கே என்று நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தச் சிறு நம்பிக்கை இதுதான். நோயாளியின் சொந்த நோய் எதிர்ப்பு செல்களை மாற்றியமைத்து, கட்டி செல்களின் மேல் இருக்கும் ஜி.டி.2 என்னும் அடையாளத்தைத் தேடிச் சென்று தாக்கவைக்கும் கார்-டி சிகிச்சையை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சோதிக்கிறார்கள். 2024-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையில் 11 பேரில் நால்வருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. அந்த நால்வரில் ஒருவருக்கு ஸ்கேனில் முற்றிலும் மறைந்தது. 11 என்பது மிகச் சிறிய எண். மூளைத் தண்டு வீங்கும் ஆபத்தும் அந்தச் சிகிச்சையில் உண்டு. இந்தப் பிழை உள்ள கட்டி, முதற்சிகிச்சைக்குப் பின் மறுபடி வளர்ந்தால் பயன்படுத்த டோர்டாவிப்ரோன் என்னும் மருந்தை 2025 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விரைவு முறையில் அனுமதித்தது. அதுவும் சிலருக்கே பலன் தருகிறது, குணப்படுத்துவதில்லை. உங்கள் மருத்துவரிடம் 'எங்கள் மகளின் கட்டியில் எச்3 பரிசோதனை செய்ய முடியுமா, அவள் சேரக்கூடிய ஆய்வுகள் உண்டா' என்று நேரடியாகக் கேளுங்கள். யாராவது குணப்படுத்துகிறேன் என்று பெருந்தொகை கேட்டால், எத்தனை குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள், முடிவை எங்கே வெளியிட்டார்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

மகளிடம் என்ன சொல்வது? ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பும், ஓயாமல் பசிக்கும், தொட்டதற்கெல்லாம் அழுவாள். 'மாத்திரை அப்படிச் செய்கிறது, நீ கெட்ட பிள்ளை இல்லை' என்பதில் தொடங்குங்கள். அவள் கேட்டதற்கு மட்டும், பொய் கலக்காமல் பதில் சொல்லுங்கள். கேட்காததைக் கொட்ட வேண்டாம். புற்றுநோயால் குழந்தையை இழந்த 429 பெற்றோரிடம் ஸ்வீடனில் விசாரித்து 2004-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குழந்தையிடம் மரணத்தைப் பற்றிப் பேசிய 147 பேரில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருந்தவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் வருந்தினார்கள். எப்போது, எந்தச் சொல்லில் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வலி நிவாரண மருத்துவக் குழுவைக் கடைசியில் கூப்பிட வேண்டியவர்கள் என்று நினைக்காமல் இந்த வாரமே சந்தியுங்கள். விழுங்கச் சிரமப்படும்போதும் தூக்கம் வராதபோதும் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியும்.

தம்பிக்கு மூளையில் கட்டி. வீட்டில் எல்லாரும் அவனைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, டாக்டர். நான் கெட்டவளா? — 13 வயது அக்கா

நீ கெட்டவள் இல்லை. இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்த நீ, உன் வீட்டில் யாரையும்விட நேர்மையானவள் என்றே நினைக்கிறேன். நோயாளியின் அண்ணன், அக்கா, தங்கைகள் பெரும்பாலோருக்குப் பொறாமையும் பயமும் சேர்ந்தே வருகின்றன. நானும் முன்பு அவனோடு சண்டை போட்டேனே, அதனால்தான் வந்ததோ என்ற பயமும் அதில் ஒன்று. சண்டையால் கட்டி வராது. அவனிடமிருந்து உனக்கும் தொற்றாது.

அம்மாவிடமோ அப்பாவிடமோ வாரத்தில் ஒரு மணி நேரம் உனக்கென்று ஒதுக்கச் சொல்லிக் கேள். அந்த ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரிப் பேச்சு கூடாது என்பதை நிபந்தனையாகவே வை. இந்தப் பக்கத்தைக் காட்டிக் கேட்டாலும் சரி. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது நீயும் ஒருநாள் கூடப் போ. தம்பி அந்த ஸ்கேன் அறைக்குள் போகும் முன், 'டொக், டொக்' என்று பெரிய சத்தம் கேட்கும், வலிக்காது, அசையாமல் இருந்தால் போதும் என்று அவனுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பெரியவர்கள் சொன்னால் நம்பாத பிள்ளைகள் அக்கா சொன்னால் நம்புகிறார்கள்.